பாதை திரும்பியது, வண்டி திரும்பவில்லை
கொல்லம் – செங்கோட்டை மீட்டர்கேஜ் பாசஞ்சரின் வரலாறு

(திருவனந்தபுரத்தில் தமிழ்த் தோழர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய கூட்டத்தில் ரயில்வே தனியார்மயம் குறித்துப் பேசுமாறு என்னிடம் கேட்டிருந்தார்கள். அந்தப் பொருளில் பேசுவதற்கு என்னைவிடத் தகுதியுடைய தோழர்கள் ரயில்வே தொழிற்சங்கத்தில் இருக்கிறார்கள்; அவர்களில் சிலர் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். நான் கட்சி ஆவணங்களைத் தமிழாக்கும் வேலையைச் செய்பவன். என் தொழில் சொற்களோடு. ஆகவே பொருளைச் சுருக்கிக்கொள்ள அனுமதி கேட்டேன். ஒரே ஒரு வண்டியின் வரலாற்றை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே, ஆரியங்காவுக் கணவாய் வழியாக, நூறாண்டுகளுக்கும் மேலாக ஓடிய மீட்டர்கேஜ் பாசஞ்சர்தான் அது.

2010 செப்டம்பர் 20ஆம் தேதி புனலூர் – செங்கோட்டை மலைப்பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக மூடப்பட்டது. 2018 ஜூன் 9ஆம் தேதி அதே வழித்தடம் அகலப்பாதையாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இடையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். மூடியபோது அறிவிப்பு உண்டு. திறந்தபோது விழா உண்டு. ஆனால் மூடும்போது ஓடிக்கொண்டிருந்த அந்தச் சேவை திறந்தபோது அதே வடிவில் திரும்பி வந்ததா? வரவில்லையென்றால், அது முடிந்துபோனது என்று யாராவது, எப்போதாவது அறிவித்தார்களா? இந்த இரண்டு கேள்விகளுக்காகத்தான் இந்த உரை.

மூலதனம் போட்ட பாதை

1853 ஏப்ரலில் பம்பாயிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் வண்டி ஓடியது. அதே ஆண்டில் மார்க்ஸ், நியூயார்க் டெய்லி டிரிப்யூன் ஏட்டுக்கு எழுதிய கட்டுரையில், இந்தியாவில் ரயில் பாதைகள் எதற்காகப் போடப்படுகின்றன என்பதை விளக்கினார். பருத்தியையும் பிற கச்சாப் பொருள்களையும் மலிவாக எடுத்துச் செல்லவே ஆங்கில ஆலை முதலாளிகள் பாதை போடுகிறார்கள். ஆனால் ஒரு பெருநாட்டில் ரயில் வந்துவிட்டால், அதன் விளைவுகள் போட்டவர்களின் நோக்கத்துக்குள் அடங்கியிருக்கமாட்டா என்பது அவரது வாதத்தின் சாரம்.

நமது வழித்தடத்தின் வரலாறு இந்த வாதத்துக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. தென்னிந்திய ரயில்வே கம்பெனி, சென்னை மாகாண அரசு, திருவிதாங்கூர் அரசு ஆகிய மூன்றும் சேர்ந்து இப்பாதையை அமைத்தன. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் ஸ்ரீமூலம் திருநாள். கொல்லத்தின் துறைமுகம், மலைச்சரிவுகளின் தேயிலைத் தோட்டங்கள், காடுகளின் மரம், நறுமணப் பொருள்கள் இவையே பாதைக்கான கணக்கு. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வழியாக மேற்கு நோக்கி வந்த தண்டவாளம் செங்கோட்டையைத் தொட்டது. மேற்கிலிருந்து 1904 ஜூனில் கொல்லம் – புனலூர்ப் பகுதி திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் புனலூர் – செங்கோட்டை மலைப்பகுதியும் திறக்கப்பட, கடலோரத்திலிருந்து தாமிரபரணிக் கரைவரை ஒரே கம்பிப்பாதை ஆயிற்று.

புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான மலைப்பகுதிதான் இதன் கடினமான பகுதி. கழுதுருட்டிக்கு அருகில் பதின்மூன்று வளைவுகளைக் கொண்ட கற்பாலம் இன்றும் நிற்கிறது. ஆரியங்காவுக்கும் பகவதிபுரத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கம் இருக்கிறது. ஏற்றம் கடுமையானதால் வண்டியை முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் இன்னோர் எஞ்சின் தள்ளும். பாறையை உடைத்தவர்கள், கல்லைச் செதுக்கியவர்கள், காட்டுக் காய்ச்சலில் மாண்டவர்கள் யாருடைய பெயரும் அந்தப் பாலத்தின் மீதோ சுரங்க வாயிலிலோ இல்லை.

திருவனந்தபுரத்தில் வாழும் நாம் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1918இல் கொல்லத்திலிருந்து இந்நகருக்குப் பாதை நீண்டது. அன்றைய நிலையம் ஊருக்கு வெளியே சாக்கையில் இருந்தது. 1931இல்தான் பாதை தம்பானூருக்கு வந்தது. எர்ணாகுளம் – கோட்டயம் பாதை 1956இலும் கோட்டயம் – கொல்லம் பாதை 1958இலும் திறக்கப்பட்டன. அதாவது, 1918 முதல் 1958 வரை நாற்பது ஆண்டுகள், திருவனந்தபுரத்திலிருந்து ரயிலில் வெளியே செல்ல ஒரே வழிதான் இருந்தது. அது ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து செங்கோட்டை, தென்காசி வழியாகத் தமிழ்நிலத்துக்குள் இறங்கும் வழி. கொச்சிக்கு ரயிலில் நேராகப் போக முடியாத காலத்தில் இந்நகரத்தார் மதுரைக்கும் சென்னைக்கும் ரயிலில் போனார்கள்.

மக்கள் எடுத்துக்கொண்ட வண்டி

பாதையைப் போட்டது மூலதனம். வண்டியை எடுத்துக்கொண்டவர்கள் உழைக்கும் மக்கள்.

என் தாய்வழி ஊர் செங்கோட்டையை அடுத்த புளியரை. என் ஆச்சி பிறந்தபோது அந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநில அமைப்பில் செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆச்சி வீட்டை விட்டு அசையாமலே மாநிலம் மாறியவர். ஆனால் அவருடைய பிழைப்பு மாறவில்லை. விடியும் முன்பே முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கறிவேப்பிலையும் கூடையில் அடுக்கி, சும்மாட்டின்மேல் ஏற்றி, செங்கோட்டை நிலையத்துக்கு நடப்பார். பாசஞ்சரில் ஏறி புனலூரிலோ கொட்டாரக்கரையிலோ இறங்கி விற்றுவிட்டு, அன்று மாலை வண்டியில் திரும்புவார். பள்ளி விடுமுறைகளில் நானும் அவரோடு போயிருக்கிறேன். சுரங்கம் வரும்போது பெட்டி முழுவதும் குழந்தைகள் கூவுவோம். ஆச்சி மட்டும் இருட்டில் கூடையின்மேல் ஒரு கையை வைத்துக்கொள்வார். அந்தக் கூடைதான் எங்கள் வீட்டின் முதல்.

ஆச்சிக்கு மலையாளம் எழுதவோ படிக்கவோ தெரியாது. ஆனால் கொட்டாரக்கரைச் சந்தையில் ஒரு காசுகூட ஏமாறமாட்டார். எந்தப் பள்ளியும் அவருக்கு அந்த மொழியைக் கற்பிக்கவில்லை; பாசஞ்சர் பெட்டிதான் கற்பித்தது. நான் இன்று இரு மொழிகளுக்கிடையே வேலை செய்து வாழ்கிறேன் என்றால் அதற்கான முதல் பாடமும் அந்த மரப் பலகை இருக்கையில்தான் நடந்தது.

ஆச்சி தனி ஒருவர் அல்லர். கிளிகொல்லூர், குண்டறை, எழுகோண், கொட்டாரக்கரை என்று இப்பாதையின் மேற்குப் பகுதி முழுவதும் முந்திரித் தொழிற்சாலைகளின் நாடு. அங்கே பருப்பு உடைத்தவர்களும் தோல் உரித்தவர்களும் பெரும்பாலும் பெண்கள். கிழக்கே ஏறினால் தென்மலை, கழுதுருட்டி, ஆரியங்காவு. அங்கே தோட்டத் தொழிலாளர்கள், அவர்களில் தலைமுறைகளாகக் குடியேறிய தமிழர்கள். மலைக்கு அப்பால் தென்காசி வட்டாரத்தின் பூவும் காய்கறியும் விற்போர். உணவுத் தானியங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு இருந்த ஆண்டுகளில், சில படி அரிசியைப் பைக்குள் ஒளித்து மலையைத் தாண்டிய பெண்களைப் பற்றி ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். அரசு ஏடுகளில் அது கடத்தல். அந்தப் பெட்டியில் அது இரவு உணவு.

இந்த மக்களுக்கு ஏற்றபடி வண்டியின் இயல்பும் அமைந்திருந்தது. ஒன்று, எல்லா நிலையங்களிலும் நின்றது. இரண்டு, குறைந்த கட்டணம். மூன்று, முன்பதிவு வேண்டியதில்லை. நான்கு, நாள்தோறும், பகலில், வேலை நேரத்துக்கு ஏற்ப ஓடியது. ஐந்து, கூடைக்கும் மூட்டைக்கும் இடம் இருந்தது. இவை ஐந்தும் சேர்ந்ததுதான் சேவை. இவற்றில் எதை எடுத்துவிட்டாலும் தண்டவாளமும் பெட்டிகளும் மிஞ்சும், சேவை மிஞ்சாது.

நெடுந்தூர வண்டிகளும் இவ்வழியே இருந்தன. எழும்பூரிலிருந்து வந்த கொல்லம் மெயில் அக்காலத்தில் பெயர்பெற்றது. கொல்லத்திலிருந்து நாகூர் வரை செல்லும் பாசஞ்சர்கூட ஓடியது. அரபிக்கடலோரத்தில் ஏறியவர் வண்டி மாறாமல் வங்கக் கடலோரத்தில் இறங்கலாம். நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் போவோர், குற்றாலத்தில் நீராடப் போவோர், ஆரியங்காவு கோயிலுக்கு வருவோர் எல்லோரும் ஒரே பெட்டியில் கால்மடக்கி உட்கார்ந்து போனார்கள்.

படிப்படியான முறிவு

தோழர்களே, இச்சேவை ஒரே நாளில் நின்றுபோனதாக நினைத்தால் தவறு. அது மூன்று கட்டங்களில் முறிந்தது.

முதல் முறிவு 1976. எர்ணாகுளம் – திருவனந்தபுரம் பாதை அகலப்பாதை ஆயிற்று. அது தேவையான மாற்றம். அதனால் கேரளத்தின் தலைநகர் நாட்டின் பிற பகுதிகளோடு நேராக இணைந்தது. ஆனால் அதே மாற்றத்தால், திருவனந்தபுரத்திலிருந்து செங்கோட்டைக்குச் செல்பவர் கொல்லத்தில் இறங்கி மீட்டர்கேஜுக்கு மாற வேண்டியதாயிற்று. 1979இல் திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரிப் பாதையும், 1981இல் நாகர்கோவில் – திருநெல்வேலிப் பாதையும் திறந்த பிறகு, தமிழ்நாட்டுக்குப் போகும் போக்குவரத்து தெற்கே திரும்பியது. ஆரியங்காவுப் பாதை முதன்மைப் பாதையாக இருந்து கிளைப் பாதையாயிற்று.

இரண்டாம் முறிவு 1992இல் அறிவிக்கப்பட்ட ஒரே அகலத் திட்டத்தின் தொடர்ச்சி. மீட்டர்கேஜ் என்றால் ஒரு மீட்டர் அகலம். அகலப்பாதை என்றால் 1.676 மீட்டர். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். பயணி வண்டி மாற வேண்டும். ஆகவே நாடு முழுவதும் ஒரே அகலம் என்ற கோட்பாட்டில் குறை இல்லை. மாற்றம் நடந்த முறையில்தான் குறை. எட்டுத் திசையிலும் கிளைகள் துண்டு துண்டாக மூடப்பட்டன. விருதுநகர் – தென்காசி – செங்கோட்டைப் பகுதி 2004இல் அகலப்பாதையாகத் திறந்தது. கொல்லம் – புனலூர்ப் பகுதி 2007இல் மூடப்பட்டு 2010 மே மாதம் திறந்தது. திருநெல்வேலி – தென்காசிப் பகுதி 2012இல் திறந்தது. இடையில் புனலூர் – செங்கோட்டை மலைப்பகுதி இருபுறமும் அகலப்பாதை சூழ்ந்த ஒரு தீவாக மிஞ்சி, 2010 செப்டம்பரில் அதுவும் மூடப்பட்டது.

ஒவ்வொரு மூடலின்போதும் மக்களுக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: இது தற்காலிகம். ஒரு தொழிலாளியின் வாழ்வில் எட்டு ஆண்டுகள் எத்தகைய தற்காலிகம்? கூடைக்காரப் பெண் வேறு சந்தை தேடினார். முந்திரித் தொழிலாளி ஆலைக்கு அருகே வாடகை வீடு பார்த்தார். தோட்டத்துப் பிள்ளைகள் ரயிலில் போய்ப் படிக்கக்கூடிய கல்லூரியை விட்டுப் பேருந்து போகும் கல்லூரியில் சேர்ந்தார்கள், அல்லது சேரவில்லை. ஆலைகள் பலவும் மூடிக் கிடந்த காலம் வேறு. இப்படிப் பயணிகள் சிதறிய பிறகு, பாதை திறந்தபோது, அந்த வண்டிக்குத் தேவை இல்லை என்று கணக்குக் காட்டுவது எளிதாயிற்று.

மூன்றாம் முறிவு 2020 மார்ச். பெருந்தொற்றின்போது நாட்டின் பயணிகள் வண்டிகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. அந்த நெருக்கடியில் நிறுத்தியதை யாரும் குறை கூறமாட்டார்கள். மீண்டும் ஓடத் தொடங்கியபோது நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். புதிய கால அட்டவணை என்ற பெயரில், 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பாசஞ்சர்கள் எக்ஸ்பிரஸ் ஆக்கப்பட்டன. பல சிறு நிலையங்களின் நிறுத்தங்கள் நீக்கப்பட்டன. எஞ்சிய குறுந்தூர வண்டிகள் "எக்ஸ்பிரஸ் சிறப்பு வண்டி" என்ற பெயரில் ஓடின. பாசஞ்சரில் 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆயிற்று. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை அதே மார்ச் மாதம் நிறுத்தப்பட்டு, இன்றுவரை திரும்பவில்லை. 2024 பிப்ரவரியில், நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய வேளையில், குறுந்தூர வண்டிகளுக்குப் பழைய சாதாரணக் கட்டணம் மீண்டது. எக்ஸ்பிரஸ் ஆக மாற்றப்பட்ட நெடுந்தூரப் பாசஞ்சர்கள் எக்ஸ்பிரஸ் ஆகவே நிலைத்துவிட்டன.

சொல் செய்யும் வேலை

இங்கே ஒரு மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் உங்கள் கவனத்தைச் சொற்களின் பக்கம் திருப்ப விரும்புகிறேன்.

"பாசஞ்சர்" என்பது ஆங்கிலத்தில் பயணி என்ற மனிதரைக் குறிக்கும் சொல். தமிழ் மக்கள் அதை எடுத்து வண்டிக்கே பெயராக்கிவிட்டார்கள். "பாசஞ்சர் போயிட்டுதா?" என்று செங்கோட்டையில் ஒருவர் கேட்டால் அவர் வண்டியைக் கேட்கிறார். பயணியும் வண்டியும் ஒரே பெயரில் வழங்கிய வண்டி அது ஒன்றுதான். அந்தப் பெயரை எடுத்துவிட்டு "எக்ஸ்பிரஸ்" என்று எழுதியபோது வண்டியின் வேகம் கூடவில்லை. அதே பெட்டி, அதே தண்டவாளம், பெரும்பாலும் அதே நேரம். கூடியது கட்டணம், குறைந்தது நிறுத்தம். ஒரு சொல்லை மாற்றி ஏழையின் பையிலிருந்து இருபது ரூபாயை எடுக்க முடியும் என்பதை நாம் கண்முன் கண்டோம்.

"நிறுத்தம்" என்ற தமிழ்ச் சொல்லுக்கும் இரண்டு பொருள் உண்டு. வண்டி நின்று ஆளை ஏற்றும் இடமும் நிறுத்தம். சேவையை முடித்துவிடுவதும் நிறுத்தம். முதல் வகை நிறுத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தால் இரண்டாவது வகை நிறுத்தத்தை அறிவிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. ஆரியங்காவுப் பாதையில் நடந்தது இதுதான். சேவையை ரத்து செய்கிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தால் மறியல் நடந்திருக்கும், சட்டமன்றத்தில் பேசியிருப்பார்கள். அறிவிக்காமல் விட்டதால் எதிர்க்க ஓர் ஆணைகூட நம் கையில் இல்லை.

பயணச்சீட்டில் அச்சிட்ட ஒரு வரியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பயணத்துக்கான செலவில் சராசரியாக 57 சதவீதத்தையே ரயில்வே திரும்பப் பெறுகிறது என்ற வரி. சீட்டு வாங்கும் ஏழையிடம், உன்னால் எனக்கு நட்டம் என்று சொல்லும் வரி அது. சாலை போடும் செலவில் எத்தனை சதவீதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று எந்த நெடுஞ்சாலையின் ஓரத்திலும் கார்க்காரருக்குப் பலகை வைத்து நான் பார்த்ததில்லை. 2017இல் ரயில்வேக்கான தனி நிதிநிலை அறிக்கை பொது நிதிநிலை அறிக்கையோடு இணைக்கப்பட்ட பிறகு, எந்த வண்டி, எந்த நிறுத்தம் என்ற விவரங்களை நாட்டின் முன் வைத்து விவாதிக்கும் ஆண்டு வாய்ப்பும் சுருங்கிவிட்டது.

இன்று ஓடுவது எது?

உண்மையை முழுமையாகச் சொல்வது நமது கடமை. ஆரியங்காவுப் பாதை இன்று வெறிச்சோடிக் கிடக்கவில்லை. சென்னை எழும்பூர் – கொல்லம் வண்டி மீண்டும் ஓடுகிறது. பாலருவி எக்ஸ்பிரஸ் பாலக்காட்டிலிருந்து திருநெல்வேலி வரை ஓடி, 2024 ஆகஸ்டில் தூத்துக்குடி வரை நீட்டிக்கப்பட்டது. குருவாயூர் – புனலூர் வண்டி 2023இல் மதுரை வரை நீண்டது. எர்ணாகுளத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு ஒரு வண்டி இவ்வழியே போகிறது. இவை வரவேற்கத்தக்கவை. இவற்றுக்காகப் பலர் பல ஆண்டுகள் மனு எழுதிப் போராடினார்கள். மலைப்பகுதியில் பழைய கற்பாலத்தை வலுப்படுத்திக் காத்துக்கொண்டு, சுரங்கத்தையும் அகலப்பாதைக்கு ஏற்றதாக்கிய தொழிலாளர்களின் உழைப்பும் பெரிது. இன்றும் அங்கே வண்டிகள் மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகின்றன.

ஆனால் நான் முன்பு சொன்ன ஐந்து இயல்புகளை எடுத்து இந்த வண்டிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இவை எக்ஸ்பிரஸ் வண்டிகள். தொலைவிலிருந்து தொலைவுக்குச் செல்வோருக்கானவை. நாகூருக்கு நாள்தோறும் போன பாசஞ்சருக்கும் வேளாங்கண்ணிக்கு வாரத்தில் சில நாள்கள் மட்டும் போகும் எக்ஸ்பிரஸுக்கும் இடையே இருப்பது கால அட்டவணை வேறுபாடு மட்டுமில்லை. அது யாருக்கான வண்டி என்ற வேறுபாடு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மலையேறும் வண்டி சிறு நிலையம் ஒன்றில் ஒரு நிமிடம் நின்றால் நேரம் போய்விடும் என்கிறார்கள். யாருடைய நேரம் என்று கேட்க வேண்டும். கழுதுருட்டித் தோட்டத்துப் பெண் பேருந்துக்காகக் காத்து நிற்கும் நேரம் எந்த அட்டவணையிலும் எழுதப்படுவதில்லை.

பேருந்து இருக்கிறதே என்று சில தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. அதன் கட்டணம் சாதாரண ரயில் கட்டணத்தைப் போல் பல மடங்கு. மலைச்சாலையில் மழைக்காலப் பயணத்தின் ஆபத்து வேறு. கூடைக்கும் மூட்டைக்கும் தனிக் கூலி. அரசுப் பேருந்தை நாம் காக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ரயிலுக்குப் பதில் பேருந்து என்பது, அரிசிக்குப் பதில் வேறொன்றைத் தருகிறேன் என்பது போன்ற ஏற்பாடுதான்.

யாருடைய பாதை?

இன்னொரு முரண்பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தப் பாதையின் பெரும்பகுதி கேரளத்தில், கொல்லம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் நிர்வாகம் மதுரைக் கோட்டத்தின் கீழ். 1979இல் திருவனந்தபுரம் கோட்டம் உருவான பிறகும் இதுவே நிலை. கிளிகொல்லூரில் குடியிருப்பவரின் மனு மதுரைக்குப் போக வேண்டும். மதுரைக் கோட்டத்தின் பார்வையில் இது தொலைதூர மேற்குக் கிளை. கேரளத்தின் பார்வையில் முதன்மைப் பாதை கடற்கரையோரம் வடக்கு – தெற்காக ஓடுவது. இரண்டு மாநிலங்களின் கவனத்துக்கும் நடுவே, மலையைப் போலவே இந்தப் பாதையும் எல்லையில் நிற்கிறது.

மாநில எல்லை உழைக்கும் மக்களின் வாழ்வில் வரையப்பட்ட கோடு இல்லை. மொழிவழி மாநிலங்களுக்காக நமது இயக்கம் போராடியது. அது சரியான போராட்டம். மக்கள் தம் மொழியில் ஆளப்பட வேண்டும் என்பதற்காகப் போராடினோம். அவர்கள் பிரிந்து வாழ வேண்டும் என்பதற்காக அல்ல. எல்லையின் இருபுறமும் வாழும் மக்களை நாள்தோறும் ஒரே பெட்டியில் உட்கார வைத்த வண்டி, அந்தப் போராட்டத்தின் மற்றொரு பாதியைச் செய்துகொண்டிருந்தது. முல்லைப் பெரியாறு போன்ற பிரச்சினைகளில் இரு மாநில மக்களிடையே பகை மூட்டப்படும் வேளைகளில், அந்தப் பெட்டி இல்லாத குறையை நான் உணர்கிறேன்.

நமது சுயவிமர்சனமும் கடமையும்

தோழர்களே, இந்த வரலாற்றில் நம்மையும் விசாரிக்க வேண்டும். அகலப்பாதை வேண்டும் என்று மலையின் இருபுறமும் கோரிக்கை எழுந்தபோது நாமும் கோரினோம். சரியாகவே கோரினோம். ஆனால் பாதையைக் கேட்டோமே தவிர, அந்தப் பாதையில் எந்த வண்டி, எந்தக் கட்டணத்தில், எங்கெங்கே நிற்க வேண்டும் என்று கேட்டோமா? மூடியிருந்த எட்டு ஆண்டுகளுக்குப் பயணிகளுக்கு என்ன மாற்று ஏற்பாடு என்று கேட்டோமா? போதிய அளவு கேட்கவில்லை. கட்டுமானம் வளர்ச்சி என்றால் அதன் பயனும் தானாகவே மக்களைச் சேரும் என்று நாமும் ஓரளவு நம்பிவிட்டோம். மூலதனம் போடும் பாதையை மக்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால், ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே மூன்று வேலைகளை முன்மொழிகிறேன்.

முதலாவது, கோரிக்கையைத் துல்லியமாக எழுதுவது. "ரயில் வசதி வேண்டும்" என்ற பொதுச் சொல் போதாது. கொல்லத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையே, நாள்தோறும், பகலில், சாதாரணக் கட்டணத்தில், முன்பதிவில்லாமல், எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் பாசஞ்சர் வேண்டும் என்று எழுத வேண்டும். காலையில் இரு முனைகளிலிருந்தும் ஒன்று, மாலையில் ஒன்று. இதைவிடக் குறைவாகக் கேட்டால் நமக்கு இன்னுமொரு எக்ஸ்பிரஸ் கிடைக்கும்.

இரண்டாவது, மக்களின் நினைவைச் சேகரிப்பது. அந்த வண்டியில் போனவர்கள் முதுமை அடைந்துவிட்டார்கள். யார், எங்கே ஏறி, எங்கே இறங்கி, என்ன வேலைக்குப் போனார் என்பதை ஒவ்வொரு நிலையத்தின் அருகிலும் உள்ள கிளைகள் கேட்டு எழுத வேண்டும். தேவை இல்லை என்று சொல்லும் கணக்குக்கு எதிரான கணக்கு அதுதான். வண்டியை எடுத்துவிட்டு ஆளை எண்ணினால் ஆள் இருக்கமாட்டார்.

மூன்றாவது, மலையின் இருபுறமும் உள்ள நமது கிளைகள் ஒன்றுகூடி, ஒரே மனுவைத் தமிழிலும் மலையாளத்திலும் தயாரித்து, மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஒரே நாளில் கொண்டுசெல்வது. மொழிபெயர்ப்பு வேலையை நான் செய்து தருகிறேன். அதற்காகத் தனியே கற்க வேண்டியது எனக்கு ஒன்றுமில்லை; கற்றுத் தந்தவர் கூடையோடு முன்பே அந்த வண்டியில் போயிருக்கிறார்.

ஆச்சி இன்று இல்லை. கடைசிக் காலத்தில் பாதை மூடிக் கிடந்தபோது, ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்: "ஏலே, வண்டி விட்டுட்டானா?" இன்னும் இல்லை ஆச்சி என்று சொல்வேன். இன்று அவர் கேட்டால், பாதை திறந்தாயிற்று, வண்டிகள் ஓடுகின்றன, உன்னுடைய வண்டி மட்டும் பழைய வடிவில் வரவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பதிலை மாற்றுவது நம் கையில் இருக்கிறது.